ஈஸியான குறுக்கெழுத்தே போதும்! மனசை லேசாக்கும் கட்டங்களின் கதை

வீட்டுக்கு வந்த பிறகும் மண்டைக்குள் ஆபீஸ் ஓடிக்கொண்டே இருக்கிறதா? ஒரு பென்சில், பத்து நிமிடம், ஒரு சின்ன குறுக்கெழுத்துப் புதிர். கஷ்டமானதாக இருக்க வேண்டியதே இல்லை. ஏன் தெரியுமா?

எப்போது வந்தது?

1913 டிசம்பர் 21 அன்று, அமெரிக்காவின் 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவில் ஒரு புதிரை வெளியிட்டார். அவர் வைத்த பெயர் 'வேர்டு கிராஸ்'. சில வாரங்களில் அச்சில் சொற்கள் இடம் மாறி 'கிராஸ்வேர்டு' ஆனது. அதுவே நிலைத்துவிட்டது.

திட்டிய பேப்பரே போட்டது!

1924-ல் 'வீண் பொழுதுபோக்கு' என்று இதைச் சாடியது 'நியூயார்க் டைம்ஸ்'. ஆனால் 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியதும் நிலைமை மாறியது. பக்கம் பக்கமாகப் போர்ச் செய்தி. வாசகர்கள் கொஞ்ச நேரமாவது கவலையை மறக்கட்டும் என்று, 1942 பிப்ரவரி 15-ல் அதே பத்திரிகை குறுக்கெழுத்தைத் தொடங்கியது. இன்றும் அதில் திங்கட்கிழமை புதிர்தான் ரொம்ப ஈஸி. சனிக்கிழமை வந்தால் மண்டை காயும்.

மனசு லேசாவது எப்படி?

நம் கவலைகளில் பலவற்றுக்கு உடனே விடை கிடைக்காது. புதிருக்கு விடை நிச்சயம் உண்டு. ஒரு உதாரணம்: 'முக்கனிகளில் ஒன்று', இரண்டு கட்டம். பலாவா, வாழையா? குழப்பம்தான். முதல் கட்டத்திலிருந்து கீழே இறங்கும் சொல்லுக்கான குறிப்பு: 'மழை நேரத்தில் வானில் தெரியும் ஏழு நிறம்', நான்கு கட்டம். வானவில்! 'வா' விழுந்ததும், பக்கத்தில் 'வாழை' டக்குனு உட்கார்ந்துவிடும். அந்தச் சின்ன சந்தோஷம்தான் விஷயமே. புதிர் கஷ்டமானால், அதுவே இன்னொரு டென்ஷன் ஆகிவிடும்.

தமிழில் என்ன ஸ்பெஷல்?

ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. 'வி' என்றாலும் 'ல்' என்றாலும் ஒரே கட்டம்தான். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டுமல்ல. தமிழ் இதழ்களில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் குறிப்புகள் வரும். சில சமயம் எழுத்துகளைக் கலைத்தும் போட்டிருப்பார்கள்.

புதுசா ஆரம்பிப்பவர்களுக்கு...

* சின்ன கட்டமாகத் தேர்ந்தெடுங்கள்.
* வரிசையாகப் போக வேண்டாம். தெரிந்ததை முதலில் நிரப்புங்கள்.
* மாட்டிக்கொண்டால் வீட்டில் இருப்பவர்களிடம் சத்தமாகக் கேளுங்கள். பாட்டிக்குத் தெரிந்திருக்கும்!
* விடையைப் பார்த்தாலும் தப்பில்லை. இது பரீட்சை இல்லை.

ஒன்று மட்டும் கவனம். குறுக்கெழுத்து போட்டால் மறதி நோயே வராது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பதற்றமும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் டாக்டரைப் பார்ப்பதே சரி. மற்றபடி, இன்று ராத்திரி போனை ஓரமாக வைத்துவிட்டு நாலு கட்டம் நிரப்பிப் பாருங்களேன்!