வெளியெல்லையாக மாறிய கெடு: ஆஸ்திரேலிய நொடிப்புச் சட்டத்தில் கடனீந்தோரின் இரண்டாம் கூட்டம்

2009-ல் ரிவியரா குழும வழக்கில் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆஸ்டின் ஒரு பட்டியல் போட்டார். நொடித்த நிறுவனத்தின் நிர்வாகி, அதன் கதியை முடிவு செய்யும் கடனீந்தோரின் இரண்டாம் கூட்டத்தைக் கூட்ட அவகாசம் கேட்டபோது நீதிமன்றங்கள் எந்தெந்தக் காரணங்களுக்காக இணங்கின என்று முந்தைய தீர்ப்புகளிலிருந்து திரட்டினார். தொழிலின் பரப்பு, வெளிநாட்டு நடவடிக்கைகள், ஏராளமான ஊழியர்களின் நிலுவை, குழும அமைப்பின் சிக்கல், கணக்கேடுகள் கைக்கு வராமை, சமரச யோசனையை எடைபோட வேண்டிய தேவை, நடக்கும் தொழிலாகவே விற்க ஆகும் காலம் என அது நீள்கிறது. அதன்பின் வந்த அவகாசத் தீர்ப்புகளில் இந்தப் பட்டியலைத் தொடாதவை குறைவு. அவகாசம் வளர்ந்த வரலாறே இதில் அடங்கிவிட்டது என்ற எண்ணமும் கூடவே ஊன்றிவிட்டது. அந்த வாசிப்பு பிழையானது என்பது என் வாதம்.

பட்டியலின் மீது எனக்கு மூன்று ஆட்சேபங்கள். முதலாவது, அது அவகாசம் கிடைத்த வழக்குகளின் தொகுப்பு. அதே காரணங்களைச் சொல்லியும் கிடைக்காமல் போனவர்கள் உண்டா, அவர்களை எது பிரித்தது என்பதை அதிலிருந்து அறிய வழியில்லை. இரண்டாவது, அதன் கடைசி இனம். கூடுதல் காலத்தால் ஈடில்லாக் கடனீந்தோருக்குக் கூடுதலாகக் கிடைக்கலாம் என்பதும் அங்கே ஒரு காரணமாக நிற்கிறது. நிறுவனங்கள் சட்டத்தின் 435-ஏ பிரிவு, 'நிர்வாகம்' என்ற இந்த நடைமுறை முழுவதற்கும் வகுத்த நோக்கம்தான் அது: தொழில் பிழைக்க வேண்டும், முடியாவிட்டால், உடனே கலைத்தால் கிடைப்பதைவிடக் கடனீந்தோருக்கு நல்ல பலன் வேண்டும். நோக்கத்தைக் காரணங்களின் வரிசையில் உட்கார வைத்தால், வரிசையில் எது எதைவிடக் கனமானது என்ற கேள்வியே எழாமல் போகிறது. ஆஸ்டினைக் குறை சொல்வதைவிட அவரைப் படித்தவர்களைக் குறை சொல்வதே நியாயம். தன்முன் இருந்த மனுவை முடிக்க அவர் தொகுத்தார். வரலாறு எழுத உட்காரவில்லை.

மூன்றாவது ஆட்சேபம்தான் முக்கியமானது. பட்டியல் 'ஏன் கொடுத்தார்கள்' என்று மட்டும் கேட்கிறது. 'எந்த வடிவில் கொடுத்தார்கள்' என்று கேட்பதில்லை. மாற்றம் நடந்த இடம் அந்த வடிவம்.

நொடிப்புச் சட்டம் குறித்த 1988-ஆம் ஆண்டு ஹார்மர் அறிக்கையின் வழியே வந்த இந்த நடைமுறை 1993 ஜூன் 23-ல் நடப்புக்கு வந்தது. வேகமே அதன் உயிர். அன்றைய 439-ஏ பிரிவின்படி, கூட்டத்துக்கு அழைப்பு விடுக்க 21 நாள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் குறுக்கிட்டால் 28 நாள். அந்தக் காலம் முடிந்த ஐந்து வேலைநாளுக்குள் கூட்டம் நடக்க வேண்டும். நீதிமன்றம் நீட்டிக்கலாம், ஆனால் கெடு முடியுமுன்பே மனுப் போட வேண்டும். இந்த இடைக்காலத்தில் வழக்குகள் நிற்கும், வாடகைக்கு விட்டவர் தன் சொத்தை மீட்க முடியாது, இயக்குநர் கொடுத்த சொந்த ஜாமீனின் மீதுகூட நீதிமன்ற அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. ஆகவே நீட்டிக்கும் ஒவ்வொரு வாரமும் வேறு யாரோ ஒருவரின் செலவில் நீள்கிறது. 1994-ல் மான் எதிர் அப்ரூசி விளையாட்டு மன்றம் வழக்கில் நீதிபதி யங், விரைவையும், அவசரத்தால் நல்ல ஏற்பாடு கெட்டுவிடும் அபாயத்தையும் தராசில் வைத்தபோது இந்தச் சுமை அவர் கண்ணில் இருந்தது.

2003-ல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் டெய்ஸிடெக் ஆஸ்திரேலியா வழக்கு நீதிபதி லிண்ட்கிரன் முன் வந்தது. அதன் ஆணையில் உள்ள ஒரு சிறு வாசகத்தைப் பட்டியல் வாசகர்கள் தாண்டிப் போய்விடுகின்றனர். நீட்டித்த காலம் முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதற்குள் எந்த நாளிலும், அல்லது அது முடிந்த ஐந்து வேலைநாளுக்குள், கூட்டத்தை நடத்தலாம் என்பது அதன் சாரம். பிரிவின் சொற்படி பார்த்தால், மூன்று மாத அவகாசம் வாங்கிய நிர்வாகி முதல் மாதத்திலேயே தொழிலை விற்று முடித்தாலும் மீதி இரண்டு மாதம் கைகட்டி நிற்க வேண்டும். அந்த முட்டுக்கட்டையை விலக்க 447-ஏ பிரிவு கைகொடுத்தது. நிர்வாகத்தைப் பற்றிய சட்ட அத்தியாயம் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்கு எப்படிச் செயல்பட வேண்டும் என்று ஆணையிடும் அதிகாரம் அது. அதன் வீச்சு அகலமானது என்பதை 2000-ல் ஆஸ்திரலேசியன் மெமரி எதிர் பிரையன் வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (அங்கே அதுவே தலைமை நீதிமன்றம்) உறுதி செய்திருந்தது. காலம் கடந்து கூட்டிய கூட்டத்தின் சிக்கலைத் தீர்க்கவும் அதே பிரிவைப் பயன்படுத்தலாம் என்றது அத்தீர்ப்பு.

டெய்ஸிடெக் வாசகம் சேர்ந்ததும் கெடுவின் இயல்பு மாறிவிட்டது. குறித்த நாளாக இருந்தது வெளியெல்லையானது. 'இவ்வளவு நாள் எதற்கு?' என்று கட்டட உரிமையாளர் கேட்டால், 'முடிந்தால் முன்பே கூட்டுவோம்' என்ற பதில் ஆணையிலேயே தயாராக இருக்கிறது. யங்கின் தராசில் ஒரு தட்டு இதனால் இலேசாகிவிட்டது. நீண்ட அவகாசம் கேட்பதும் கொடுப்பதும் எளிதானது இதனால்தான் என்று கருதுகிறேன்.

இதற்கு எதிரான சான்று ஒன்று உண்டு, மறைப்பதற்கில்லை. 2001 செப்டம்பர் 12-ல் நிர்வாகத்துக்குப் போன அன்செட் விமானக் குழுமத்தில் ஏறத்தாழ 40 நிறுவனங்கள். அதன் இரண்டாம் கூட்டம் 2002 மார்ச்சில்தான் நடந்தது. டெய்ஸிடெக்குக்கு முன்பே ஆறு மாதம் நீண்டிருக்கிறது. ஆக, நீண்ட அவகாசத்தைப் பெற்றெடுத்தது அந்த வாசகம் என்று சொல்ல முடியாது. அன்செட் போன்ற ராட்சத நிறுவனங்களுக்கு விதிவிலக்காகக் கிடைத்தது நடுத்தர நிறுவனங்களுக்கும் வழக்கமாகப் பரவ அது துணைநின்றது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். அதுவும் ஊகத்தின் பக்கம் சாய்ந்ததே. இத்தகைய மனுக்கள் பெரும்பாலும் எதிர்ப்பின்றி, சுருக்கமான காரணங்களோடு முடிபவை. எனவே ஆணைகளின் வடிவத்தைத் தீர்ப்புத் தொகுதிகளை மட்டும் வைத்து அளப்பது அரைகுறை வேலையாகவே இருக்கும்.

சட்டத்தின் 2007 திருத்தம் அந்த ஆண்டின் கடைசி நாளில் நடப்புக்கு வந்தது. 21 நாள் 20 வேலைநாளாகவும், 28 நாள் 25 வேலைநாளாகவும் மாறின. கெடு முடிந்த பிறகும் மனுப் போடலாம். ஆனால் நீட்டிப்பு கடனீந்தோரின் நலனுக்கு மிக உகந்தது என்று நீதிமன்றம் கருத வேண்டும், செலவுத் தொகையைத் தீர்மானிக்கையில் தாமதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இதில் ஒரு விநோதம்: தாமதமாக வந்தவருக்கு அளவுகோல் எழுதிய சட்டம், நேரத்தோடு வந்தவருக்கு எதுவும் எழுதவில்லை. ரிவியரா பட்டியல் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இந்த வெற்றிடமே காரணம் என்று தோன்றுகிறது.

அதே திருத்தம், காலம் முடிவதற்கு முந்தைய ஐந்து வேலைநாளிலும் கூட்டம் நடத்த வழிவிட்டது. இதை டெய்ஸிடெக்கின் எதிரொலி என்று சொல்ல ஆசைதான். ஆனால் திருத்தத்துக்குப் பின்னணியான ஆலோசனைக் குழு அறிக்கை 1998-லேயே வந்துவிட்டது. நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் அறிக்கை 2004-ல் வந்தது. இரண்டுக்கும் நடுவே விழுந்த ஓர் ஆணையைக் காரணமாக்க ஆண்டு வரிசை மட்டும் போதாது. மேலும், ஐந்து நாள் சாளரம் மாதக்கணக்கில் நீண்ட அவகாசத்துக்கு எந்த விதத்திலும் உதவாது. அதனால்தான் திருத்தத்துக்குப் பிறகும் நிர்வாகிகள் நீட்டிப்போடு டெய்ஸிடெக் வாசகத்தையும் சேர்த்தே கேட்கின்றனர். இப்படி நீண்ட அவகாசத்துக்கு ஓர் உதாரணம்: 2020 ஏப்ரல் 20-ல் நிர்வாகத்துக்குப் போன விர்ஜின் ஆஸ்திரேலியா விமான நிறுவனம், பல்லாயிரம் கடனீந்தோரோடு, செப்டம்பர் 4 வரை இரண்டாம் கூட்டத்துக்குக் காத்திருந்தது. கூட்ட விதிகள் பலவற்றைப் புதுக்கிய 2016-ஆம் ஆண்டுச் சீர்திருத்தமும் இந்தச் சாளரத்தை அகலமாக்கவில்லை. நீதிமன்றங்கள் வழக்கமாகவே தரும் ஒன்றை ஏன் பிரிவிலேயே எழுதிவிடக் கூடாது என்ற கேள்விக்கு ரிவியரா பட்டியலில் இடமே இல்லை.