ஐம்பது மைலுக்கு மேல்

2001ஆம் ஆண்டு கோடையில், இளங்கலைத் தேர்வு முடிந்த மறுவாரம், நானும் என் தோழியும் போடிநாயக்கனூரிலிருந்து ராமேசுவரத்துக்கு ரயிலில் போனோம். ஆளுக்கு இருநூறு ரூபாய் சேர்த்து வைத்திருந்தோம். ஒரு தூக்குவாளியில் புளிச்சோறு, ஒரு துணிப்பை, ஒரு தண்ணீர் பாட்டில். வேண்டுதல் இல்லை, கல்யாணம் இல்லை, துட்டி இல்லை. கடலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"எதுக்குடி?" என்று அம்மா கேட்டாள்.

"சும்மாதாம்மா."

"சும்மாவா?" என்று திருப்பிக் கேட்டாள். அதில் கோபம் இல்லை. அப்படி ஒரு காரணத்துக்காக யாராவது வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள் என்று அவள் கேள்விப்பட்டதில்லை. இத்தனைக்கும் எங்கள் தெருவிலேயே அதிக தூரம் பயணம் செய்தவர்களில் ஒருத்தி அவள்தான். ஞாயிறு தவிர எல்லா நாளும் போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் போய், ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் இறங்குவாள். அதை நாங்கள் யாரும் பயணம் என்று சொன்னதில்லை. 'மலைக்குப் போயிருக்கா' என்போம்.

எதைப் பயணம் என்கிறோம், எதை வேலைக்குப் போவது என்கிறோம் என்பதற்கு இந்த ஊரில் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் முதலில் பாதை கிடைத்தது சரக்குக்கு. மூணாறுப் பக்கம் விளைந்த தேயிலையைக் கொண்டுவர 1902இல் குண்டலைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் அது இரண்டடி அகலச் சிறு ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷன் வரை வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கு வந்தன. 1924 ஜூலை வெள்ளம் அந்தச் சிறு ரயிலை அடித்துக்கொண்டு போனது. மலையாளிகள் அதைக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று இன்றும் சொல்கிறார்கள்.

மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது 1928இல். ஏலக்காயும் தேயிலையும் இல்லையென்றால் மலையடிவாரத்தில் முட்டி நிற்கும் ஒரு கடைசி ஸ்டேஷனுக்கு யாரும் தண்டவாளம் போட்டிருக்க மாட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இந்தப் பாதையின் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். 1950களில் மீண்டும் போட்டார்கள். சரக்குக்காக வந்த ரயிலில்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் மதுரை ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் பிறந்தவீட்டுக்கும் போய்வந்தார்கள்.

அவர்களுக்காக ஒரு சட்டமும் இருந்தது. 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம், 1891 ஜனவரி முதல் ஒவ்வொரு பயணிகள் வண்டியிலும் கடைசி வகுப்பில் ஒரு பகுதியையாவது பெண்களுக்கென ஒதுக்க வேண்டும் என்றது. கூடவே இன்னொன்றும் சொன்னது: வண்டி ஐம்பது மைலுக்கு மேல் ஓடுவதானால் அந்தப் பகுதியில் கழிப்பறை இருக்க வேண்டும். இந்த வரியை முதன்முதலாக ஒரு நூலகத்தில் படித்தபோது சிரித்துவிட்டேன். ஐம்பது மைலுக்குக் குறைவாகப் போகிறவளுக்கு? அவள் அடக்கிக்கொள்ளலாம் என்று யாரோ ஓர் அதிகாரி கணக்குப் போட்டிருக்கிறார். போடிக்கும் மதுரைக்கும் இடையே 90 கிலோமீட்டர். மைலில் ஐம்பத்தாறு. எங்கள் ஊர்ப் பெண்கள் ஆறு மைல் வித்தியாசத்தில் தப்பித்தார்கள்.

அந்தச் சட்டத்தில் பெண்மேல் அக்கறை மட்டும் இருந்தது என்று நான் நம்பவில்லை. அந்நிய ஆண் பார்வையில் படாமல் பெண்ணைக் கொண்டுசேர்க்க வேண்டும் என்ற குடும்பத்தின் கவலையும், அந்தக் குடும்பத்தின் டிக்கெட் காசும் அதில் கலந்திருந்தன. ஆனாலும் ஒதுக்கிய இடத்துக்குள் நுழைந்த பெண்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 2001இல் நாங்கள் ஏறிய மகளிர் பகுதியில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா எங்களைப் பார்த்து, "தனியாவா போறீங்க?" என்று கேட்டார். "ரெண்டு பேர் போறோம்க்கா" என்றாள் தோழி. கூட ஆண் இல்லாவிட்டால் இரண்டு பெண்களும் தனி என்பது எங்களுக்கு அன்றுதான் விளங்கியது. உசிலம்பட்டி வருவதற்குள் அந்த அக்கா எங்கள் இருவர் தலையிலும் பூ வைத்துவிட்டிருந்தார்.

மதுரையில் வண்டி மாறினோம். 1914இல் திறந்த பாம்பன் பாலத்தை மீட்டர் கேஜ் வண்டி ஊர்ந்து கடந்தபோது வாசலோரம் உட்கார்ந்து உப்புக்காற்றைக் குடித்தோம். அன்றிரவு ஸ்டேஷனில் பெண்கள் காத்திருப்பறையில் தூங்கினோம். மறுநாள் திரும்பினோம். இவ்வளவுதான் எங்கள் சாகசம்.

பின்னாளில் ஐரோப்பாவைப் பற்றிப் படித்தேன். 1972இல் அங்கே இன்டர்ரெயில் என்ற பயணச்சீட்டைக் கொண்டுவந்தார்கள். 21 வயது வரை உள்ள எவரும் ஒரே சீட்டில் ஒரு மாதம், 21 நாடுகளில் ரயிலில் சுற்றலாம். படிப்பை முடித்த பிள்ளைகள் முதுகுப்பையோடு கிளம்பி, ரொட்டியைத் தின்று, இரவு வண்டியிலேயே தூங்கி விடுதிச் செலவை மிச்சம்பிடித்தார்கள். வயதுக்கு வந்தவர்கள் உலகத்தைச் சும்மா பார்க்கலாம் என்பதற்கு அங்கே ஒரு சீட்டே இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமை தேசங்களின் மேல் இல்லை, அந்தச் 'சும்மா'வின் மேல்.

அம்மாவின் நாள் வேறு மாதிரி. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து சோறு வடித்து, எங்களுக்கு எடுத்துவைத்துவிட்டு, தூக்குச்சட்டியோடு தெருமுனையில் ஜீப்புக்கு நிற்பாள். உட்கார இடம் இருக்கிறதோ இல்லையோ, ஜீப் ஆளை ஏற்றிக்கொள்ளும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஏலச்செடியின் காய் கண்ணுக்கு நேரே தொங்காது. தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் இருக்கும். குனிந்தோ குத்தவைத்தோ, முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். பிஞ்சைத் தொட்டால் ஏச்சு விழும். ஏலக்காயை நறுமணப் பொருள்களின் ராணி என்பார்கள். ராணிக்கு முன்னால் நாள் முழுக்கக் குனிந்தே இருந்தவர்கள் எங்கள் அம்மாக்கள்.

மலைக்குப் போகிற நாளில் அம்மா தண்ணீர் குடிக்க மாட்டாள். எழுந்ததும் அரை டம்ளர் கட்டங்காப்பி, மத்தியானம் சோற்றோடு ஒரு மடக்கு. தோட்டத்தில் ஒதுங்க இடம் கிடையாது. செடி மறைவில் அட்டை, பாம்புப் பயம், கங்காணியின் கண். ஜீப் நடுவழியில் நிற்காது. அவளுக்கு நீர்க்கடுப்பு வந்து வந்து போகும். அதை 'சூடு' என்று சொல்லி வெந்தயம் விழுங்குவாள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்றுதான் சொன்னது. ஆனால் 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்பும், 15 பேருக்குக் குறையாத ஆட்களும் உள்ள தோட்டங்களுக்குத்தான் அது பொருந்தியது. சிறு தோட்டங்கள் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. ரயிலுக்கு ஐம்பது மைல் கணக்கு, தோட்டத்துக்கு ஐந்து ஹெக்டேர் கணக்கு. கணக்குக்கு அந்தப் பக்கம் நிற்பவள் எப்போதும் ஒரு பெண்ணாகவே இருக்கிறாள்.

2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பக்கமிருந்தும் மலையேற வந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்கள் பலர். அந்த வாரம் பஸ்ஸில், கடையில், ஆசிரியர் அறையில் நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி: "பொம்பளப் பிள்ளைகளுக்குக் காட்டுல என்ன வேலை?" தீ எப்படிப் பரவியது, எச்சரிக்கை ஏன் போய்ச் சேரவில்லை என்பதெல்லாம் பிறகுதான். வேலை இருந்து அதே மலையில் தினம் ஏறுகிற பெண்களைப் பற்றி இப்படி யாரும் கேட்டதில்லை. ஜீப் கவிழ்ந்து பெண்கள் சாகும்போது அது இரண்டு நாள் செய்தி. வேலைக்காக ஆபத்தில் இறங்குகிற பெண் பாவம், விருப்பத்துக்காக இறங்குகிறவள் திமிர் பிடித்தவள். இரண்டு பேச்சும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன. அவளுடைய கால்கள் அவளுக்குச் சொந்தமில்லை என்பதே இரண்டுக்கும் பொருள்.

2010 டிசம்பர் 31உடன் எங்கள் மீட்டர் கேஜ் ரயில் நின்றது. அகலப்பாதை 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூன் 15 அன்று போடி வரையும் வந்தது. பன்னிரண்டரை ஆண்டுகள். அந்த இடைவெளியில் கல்லூரியில் சேர்ந்த என் மாணவிகளுக்கு மதுரை என்பது நெரிசலான பஸ்தான். தூரம் என்று சொல்லி வீட்டில் படிப்பை நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். என் தோழிக்கு ராமேசுவரம் போய்வந்த நான்காம் மாதம் கல்யாணம் ஆனது. போடியில்தான் இருக்கிறாள், ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறாள். அதன்பிறகு சும்மா எங்கும் போனதில்லை என்று ஒருநாள் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னாள்.

ரயில் திரும்பி வந்த சில வாரங்களில் அவர்கள் இருவரையும், அம்மாவையும் தோழியையும், மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா மலைக்குப் போவதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

"எதுக்குடி மதுரைக்கு?" என்றாள்.

"சும்மாத்தான் பெரியம்மா" என்று எனக்கு முன்னால் தோழி பதில் சொன்னாள்.

வண்டி நகர்ந்ததும் அம்மா எழுந்து போய்க் கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தாள். குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, என் பையிலிருந்த பாட்டிலை எடுத்து, தேனி வருவதற்குள் முழுவதையும் குடித்து முடித்தாள்.