யாருக்கும் சொந்தமில்லாத மொழி

கதை எழுதுகிறவன் வரலாற்றைப் படித்தாலும் அவன் கண் பாத்திரங்களின் மேல்தான் போகும். கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள டான்ஸானியாவின் வரலாற்றில் என்னைக் கவர்ந்த பாத்திரம் ஒரு மொழி. அதன் பெயர் ஸ்வாஹிலி.

அந்த நாட்டில் 120-க்கு மேற்பட்ட மொழிகள் உண்டு. விக்டோரியா ஏரிக்குத் தெற்கே ஸுகுமா. வடக்கே மேய்ச்சல் வெளிகளில் மாசாய். எயாஸி ஏரிப் பக்கத்தில், நாக்கைச் சொடுக்கி ஒலியெழுப்பும் ஹாட்ஸா. ஹாட்ஸா பேசுகிறவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான் இருப்பார்கள்.

இவர்களுக்கெல்லாம் தள்ளி, கடற்கரையில் வணிகம் பேசிக்கொண்டிருந்தது ஸ்வாஹிலி. கரையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வேர், ஆப்பிரிக்காவின் பாந்து மொழிக் குடும்பம். சொற்களோ பல தேசத்துச் சரக்கு. போர்த்துக்கீசியர் தந்த 'மேஸா', நம் வீட்டு மேசையின் உடன்பிறப்பு. நம் நாட்டுக் 'காடி' அங்கே 'காரி'யாக ஓடுகிறது. அரபு நாட்டுக் 'கிதாப்', ஒன்றானால் 'கிதாபு', பலவானால் 'விதாபு' என்று பாந்து இலக்கணத்துக்கு அடங்கிவிட்டது. வந்த விருந்தாளியை மருமகனாக்கிக் கொள்ளும் சாமர்த்தியம் இது!

இம்மொழி உள்நாட்டுக்குப் போன வழி அவ்வளவு இனிமையானதன்று. 19-ஆம் நூற்றாண்டில், யானைத் தந்தமும் அடிமைகளும் நடந்த பாதையில் அதுவும் நடந்தது. பிறகு ஜெர்மானியர் தங்கள் ஆட்சிக்கு அதைக் கருவியாக்கினார்கள். அவர்களை எதிர்த்து 1905-இல் தெற்கே பல இனத்தார் திரண்டெழுந்த கிளர்ச்சிக்கு 'மாஜி மாஜி' என்று பெயர். மந்திரித்த தண்ணீர் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். 'மாஜி' என்றால் தண்ணீர்; அதுவும் ஸ்வாஹிலிச் சொல்தான். ஆண்டவன் வைத்திருந்த கருவி, எதிர்த்தவன் நாவிலும் இருந்தது.

1961-இல் டாங்கனீகா விடுதலை பெற்றது. 1964-இல் ஜான்ஸிபாருடன் இணைந்து டான்ஸானியா ஆயிற்று. விடுதலைக்குத் தலைமை தாங்கிய ஜூலியஸ் நைரேரேயின் தாய்மொழி ஜனாகி என்னும் சிறிய மொழி. அவர் 1963-இல் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீஸர்' நாடகத்தை மொழிபெயர்த்து வெளியிட்டது ஸ்வாஹிலியில். 1967-இல் அரசாங்க அலுவல்களும் ஸ்வாஹிலிக்கு மாறின. பெரிய இனமான ஸுகுமாவின் மொழிக்கு முடி சூட்டியிருந்தால் மற்றவர்கள் மனம் புழுங்கியிருப்பார்கள். எந்தப் பெரிய இனத்துக்கும் உரிமையில்லாத ஸ்வாஹிலியை எல்லோரும் தமதென்று ஏற்றார்கள்.

ஆனாலும் என் மனம் முழு நிறைவு கொள்ளவில்லை. தொடக்கப் பள்ளியில் ஸ்வாஹிலியில் படித்த பிள்ளை, உயர்நிலைப் பள்ளி வாசலில் இன்னும் பெரும்பாலும் ஆங்கிலத்தையே சந்திக்கிறது. சிறிய மொழிகளுக்கோ பள்ளியில் பலகையே போடவில்லை. பொதுமொழி கிடைத்தது ஒரு நாட்டுக்குப் பெரும் பேறுதான். பாட்டி சொல்லும் கதை பேரனுக்கு விளங்காமற் போனால், அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?