கிள்ளான் தொழிலாளரின் செவியறிவுறூஉ

சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைக் காண வெள்ளைக்குடி நாகனார் என்னும் புலவர் சென்றார். அவர் நிலத்துக்குரிய வரி செலுத்தப்படாமல் நின்றது. புலவர் மன்னனைப் புகழ்ந்து பாடி அதனைத் தள்ளுபடி செய்யுமாறு இரந்திருக்கலாம். அவ்வாறு அவர் செய்யவில்லை. முறை வேண்டி வருவோர்க்கு மன்னன் எளிதிற் காணத்தக்கவனாய் இருத்தல் வேண்டும் என்றும், மழை பொய்ப்பினும் விளைவு குன்றினும் உலகம் அரசனையே பழிக்கும் என்றும், ஆதலின் உழுவோரின் சுமையைக் காத்தல் அவன் கடன் என்றும் நேர்பட எடுத்துரைத்தார். மன்னன் கேட்டான், பழைய வரிக்கடன் நீங்கிற்று. புறநானூற்றின் 35-ஆம் பாட்டும் அதன் அடிக்குறிப்பும் தரும் செய்தி இது. இத்துறைக்குச் செவியறிவுறூஉ என்று பெயர்.

தலைமை வகிப்போரிடம் குறையை உள்ளவாறு எடுத்துரைப்பதை ஓர் இலக்கியத் துறையாகவே வகுத்துக்கொண்டது தமிழ். வள்ளுவரும் இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்ளாத மன்னன், பகைவர் இல்லாதவிடத்தும் கெடுவான் என்றார். ஆயினும் இக்கருத்தின் மறுபக்கம் ஒன்று உண்டு. இடித்துரைப்பவன் புலவனாக இன்றிக் கூலியாளாக இருந்தால் அவன் சொல் எவ்வாறு ஏற்கப்படும்? மலாயாவின் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் 1941-ஆம் ஆண்டில் நிகழ்ந்தவை இவ்வினாவுக்கு விடை கூறுகின்றன.

துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே

அக்காலத் தோட்டம் ஒரு சிற்றரசு போன்றது. விடியுமுன் தொழிலாளர் பெரட்டுக்கு நிற்பர். கங்காணியும் தண்டலும் அவர்களை நேரே ஏவுவர். அவர்களுக்கு மேல் கிராணிமார். அதற்கும் மேல் சின்னத் துரை. எல்லார்க்கும் மேலாகப் பெரிய துரை. பெரிய துரையும் தனி முதல்வர் அல்லர். அவர்க்கு மேல் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ ஏசென்சி நிறுவனம் ஒன்றும், அதற்கப்பால் லண்டனில் இயக்குநர் சபையும் இருந்தன. கட்டளை இப்படிகளின் வழியே தடையின்றி இறங்கிற்று. குறையோ இதே படிகளின் வழியே மேலேற வேண்டியிருந்தது. கங்காணியின் கொடுமையைக் கூற விரும்பிய தொழிலாளி அதனைக் கங்காணியின் வாயிலாகவே கூறவேண்டிய நிலை இருந்தது. லண்டனுக்குச் சென்ற கணக்கில் எத்தனை இறாத்தல் ரப்பர், இறாத்தலுக்கு எவ்வளவு செலவு என்பவை இடம் பெற்றன. லயத்து வாழ்க்கைக்கு அக்கணக்கில் நிரல் இல்லை.

துரைமார் தமிழ் கற்றனர் என்பது உண்மையே. 1919-இல் தோன்றிய தோட்ட நிருவாகிகளின் கழகம் அவர்களுக்குத் தமிழ்த் தேர்வும் நடத்திற்று. ஆனால் அவர்கள் கற்ற தமிழ் பெரும்பாலும் ஏவல் வினைகளால் ஆகிய தமிழ். ஏவுதற்கு வேண்டும் தமிழ் வேறு. பிறர் துயரைக் கேட்டறிதற்கு வேண்டும் தமிழ் வேறு. கிராணிமாருட் பலர் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும் ஆவர். துரையின் மொழி அறிந்த அவர்கள், துரைக்கு எது எட்ட வேண்டும், எது எட்டலாகாது என்பதை முடிவு செய்யும் நிலையில் இருந்தனர்.

சாஸ்திரியார் வருகை

வெளியிலிருந்து குறை கேட்கும் முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. தொழிலாளர் இலாகா ஒன்று இருந்தது. இந்திய அரசின் ஏசெண்டும் கோலாலம்பூரில் இருந்தார். 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். ஆண்களுக்கு 50 காசும் பெண்களுக்கு 40 காசும் என்னும் பழைய நாட்கூலியை மீண்டும் வழங்க வேண்டும் என்றும், கங்காணி மூலம் ஆள் சேர்க்கும் முறை ஒழிய வேண்டும் என்றும் 1937-இல் வெளிவந்த அவர் அறிக்கை கூறிற்று. எனினும் அவ்வறிக்கை நிருவாகத்தின்பால் மிக மென்மையாக இருந்தது என்ற மனக்குறை மலாயா இந்தியரிடையே எழுந்தது. 1936-இல் தோன்றிய மலாயா மத்திய இந்தியச் சங்கம் இக்குறைகளைத் தொடர்ந்து எடுத்துரைத்து வந்தது. 1938-இல் கூலி மறுபடியும் குறைக்கப்படவே, மலாயாவுக்கு உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு அவ்வாண்டு சூன் திங்களில் தடை செய்தது.

பன்னிரண்டு கோரிக்கைகள்

ஐரோப்பியப் போர் மூண்டபின் ரப்பரின் தேவை பெருகிற்று. அரிசி முதலிய பொருள்களின் விலையும் ஏறிற்று. சீனத் தொழிலாளர் இந்தியரினும் மிகுதியான கூலி பெற்றனர். 1941-இன் தொடக்கத்தில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் துணையுடன் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டனர். இச்சங்கத்தின் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். அவர் கோலாலம்பூரில் 1924 முதல் வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழில் துணையாசிரியராகப் பணியாற்றியவர். தோட்டந்தோறும் வேலை நிறுத்தம் பரவிற்று. தொழிலாளர் காந்திக் குல்லாய் அணிந்தனர்.

அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. அவற்றை வகைப்படுத்தி நோக்கின் ஓர் உண்மை புலனாகும். சீனருக்கு இணையான கூலி, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழித்தல் என உழைப்பும் ஊதியமும் பற்றியவை இரண்டே. தக்க மருத்துவ வசதி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்துக்கு வந்து போதல் என வாழ்க்கை பற்றியவை நான்கு. கொடுமை செய்யும் அலுவலரை நீக்கித் தமிழ் பேசும் அலுவலரை அமர்த்துதல், தொழிலாளர் வீட்டுப் பெண்டிரின் மானத்துக்குத் தீங்கு இழைப்பதை நிறுத்துதல், துரையும் கிராணியும் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழித்தல் என மானம் பற்றியவை மூன்று. எஞ்சிய மூன்றும் சொல்லும் உரிமை பற்றியவை: பேசவும் கூடவும் உரிமை வேண்டும், சங்கம் அமைக்க இசைவு வேண்டும், குறை சொன்னவரைத் தண்டித்தல் கூடாது.

மிதிவண்டிக் கோரிக்கை சிறியதாகத் தோன்றலாம். தன் உழைப்பால் வாங்கிய வண்டியில் தன் வழியே செல்பவன், எதிரே ஒருவர் வருகின்றார் என்பதற்காக இறங்கி நிற்க வேண்டும் என்பது கூலியில் வரும் குறையன்று. மனிதனாக மதிக்கப்படாத குறை. அலுவலர் தமிழ் பேசுவோராதல் வேண்டும் என்ற கோரிக்கை, தம் சொல் திரியாமல் மேலே செல்ல வேண்டும் என்னும் விழைவையும் காட்டுவது. குறை சொன்னவரைத் தண்டிக்கலாகாது என்று தனியே கேட்டமையோ, குறை சொல்வதற்கு அதுவரை என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதைத் தானே உணர்த்துகிறது.

சொன்னவர் சிறைப்பட்டார்

நிருவாகத்தின் செவியில் விழுந்தது கூலி ஒன்றே. நாட்கூலியில் சில காசுகள் கூட்டப்பட்டன. ஏப்பிரல் திங்களில் வேலை நிறுத்தம் தணிந்தது. ஏனைய குறைகள் கிளர்ச்சிக்காரரின் தூண்டுதலாகவே கொள்ளப்பட்டன. போர்க்காலத்தில் ரப்பர் விளைச்சலுக்கு ஊறு நேரலாகாது என்ற கவலை அரசுக்கு இருந்தது, அக்கவலை பொய்யன்று. ஆனால் அதற்கு அரசு கண்ட மருந்து, பேசியவரை அகற்றுவது. மே 5-ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அவரை விடுவிக்கக் கோரி ஆயிரக்கணக்கான தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். கிள்ளானில் தொடங்கிய இரண்டாம் கிளர்ச்சி சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. மே 16-ஆம் நாள் சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. உயர் ஆணையர் சர் செண்டன் தாமசின் அரசு போலீசாரோடு இந்தியப் படையினரையும் அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர், பலர் சிறைப்பட்டனர், நாடு கடத்தப்பட்டனர். அம்மாத இறுதிக்குள் கிளர்ச்சி அடங்கிற்று. விசாரணை வேண்டும் என்று இந்திய அரசு கேட்டது. அது நடப்பதற்கு முன் பசிபிக்கில் போர் மூண்டது.

பின் விளைவு

1942 சனவரி 11-இல் சப்பானியர் கோலாலம்பூரைக் கைப்பற்றினர். கிள்ளான் கிளர்ச்சி அடக்கப்பட்டு எட்டுத் திங்களும் நிரம்பவில்லை. 1943-இல் நேதாசி சிங்கப்பூருக்கு வந்தபின், தோட்டத் தொழிலாளர் ஆணும் பெண்ணுமாய் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். மிதிவண்டியில் அமர்ந்து செல்லும் உரிமை கேட்டவர்களின் கூட்டத்திலிருந்து துப்பாக்கி ஏந்தியவர் தோன்றினர். 1941-இல் அவர்கள் சொற்கள் கேட்கப்பட்டிருந்தால் பின்னைய நிகழ்ச்சிகள் மாறியிருக்கும் என்று துணிதல் இயலாது. எனினும் தோட்டங்களில் என்ன நினைக்கின்றார்கள் என்பதை அறியும் வாயிலை அரசு தானே அடைத்துக்கொண்டது என்பதில் ஐயமில்லை.

போருக்குப் பின்னர்த் தோட்டங்களில் பதிவு பெற்ற சங்கங்கள் தோன்றின. 1954-இல் அவற்றுட் பல இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. குறையை மேசைக்கு எதிரே அமர்ந்து சொல்லும் நிலை வந்தது. இன்று கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அத்தொழிலாளரின் பேரர்கள் பிரிக்பீல்ட்சிலும் கோலாலம்பூரிலும் அலுவலகங்களில் பணிபுரிகின்றனர். அங்குத் துரை என்னும் பெயர் இல்லை. ஆயினும் மேலே கட்டளையும் கீழே குறையும் உண்டு.

நாகனாரின் சொல் பயன் தந்தமைக்கு அவர் புலமை மட்டுமே காரணம் அன்று. கேட்டவன் பொறுத்துக் கேட்டான். கிள்ளான் தொழிலாளரின் பன்னிரண்டு கோரிக்கைகளுள் எதற்கும் பெரும்பொருள் செலவில்லாதது, குறை சொன்னவரைத் தண்டித்தல் கூடாது என்பது. அவ்வொன்றை ஏற்றிருந்தால், மற்றப் பதினொன்றையும் துரைமார் தொழிலாளரின் வாயாலேயே அமைதியாகக் கேட்டறிந்திருக்கலாம்.