ஈயம் போன பிறகு

ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கிறவர்கள் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பார்ப்பது கதை எழுதுகிறவனுடைய துர்ப்பழக்கம். 1923-ல் அமெரிக்காவில் பெட்ரோலோடு கலந்து விற்க ஒரு புது ரசாயனம் வந்தது. முழுப் பெயர் டெட்ரா எதில் லெட். விற்றவர்கள் வைத்த பெயர் வெறும் 'எதில்'. 'லெட்', அதாவது ஈயம், பெயரிலிருந்து மெல்ல நழுவிவிட்டது. ஈயம் விஷம் என்பது அப்போதே ஊரறிந்த சமாசாரம். மறு வருஷம் நியூ ஜெர்ஸியில் அதைத் தயாரித்த தொழிலாளிகளில் ஐந்து பேர் சித்தம் கலங்கி மாண்டார்கள். கண்டுபிடித்த தாமஸ் மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தால் கை கழுவிக் காட்டினார்! அவரே முந்திய வருஷம் ஈய நஞ்சு ஏறி ஓய்வெடுக்கப் போனவர்.

அந்தச் சரக்கைச் சேர்த்தது, பெட்ரோல் தாறுமாறாக வெடித்து இன்ஜின் இடிப்பதைத் தடுக்கத்தான். யாரும் கேட்காமலே அது இன்னொரு உபகாரமும் செய்தது. புகை வெளியேறும் வால்வு சிவக்கக் காய்ந்து, வார்ப்பிரும்பு ஹெட்டிலுள்ள தன் 'சீட்'டின் மேல் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் வந்து அடிக்கிறது. இரண்டு இரும்பும் கணநேரம் ஒட்டிப் பிய்கின்றன. ஈயப் படிவு நடுவில் மெல்லிய திரைபோல் நின்று ஒட்டவிடாமல் காத்தது. திரை போய்விட்டால் சீட் தேயும். வால்வு ஹெட்டுக்குள் இறங்கும். டாப்பெட் இடைவெளி அடைந்துபோகும். பிறகு வால்வு சரியாக மூடாது. வண்டி மேட்டில் மூச்சு வாங்கும்.

இந்த வியாதியை நான் நேரில் பார்த்தது ஆம்பூரில், தோல் பதனிடும் பெரியவர் ஒருவர் வீட்டில். வண்டி அவருடைய தகப்பனார் 1964-ல் வாங்கிய அம்பாஸடர். பெரியவருக்குச் சுப்ரீம் கோர்ட்டின் மேல் இரண்டு மனத்தாங்கல்.

முதலாவது தொழில். ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோலை, குரோம் உப்பு ஓரிரு நாளில் பதமாக்கிவிட்டது. கழிவு பாலாற்றில் போயிற்று, கிணறுகள் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் 1991-ல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். கழிவைச் சுத்திகரித்தாக வேண்டும்.

இரண்டாவது வண்டி. அதே நீதிமன்றத்தில் எம். ஸி. மேத்தா நடத்திய வழக்கின் பயனாக, 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் அதுதான்.

"தொழிலையும் விடலை, வண்டியையும் விடலை, பாத்தீங்களா!" என்றார். நான் அவர் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். ஆகவே வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுப்பது. இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது. சாலை ஓரத்தில் விளையாடிய பிள்ளைகளுக்கு யார் என்ன ரிப்பேர் செய்வது? அம்பாஸடருக்கு வந்த நஷ்டம் அத்தனை பெரிதல்ல. அதன் இன்ஜின் குறைந்த அழுத்தத்தில் ஓடுவது, ஈயமில்லாமலும் இடிக்காது. சீட் ஒன்றுதான் கவலை. அதுகூட மாட்டு வண்டிக்குப் பின்னால் நகர்ந்த பழைய பெங்களூர் ரோட்டில் நெடுநாள் தாங்கியிருக்கும். தங்க நாற்கரச் சாலை வந்து, மணிக்கணக்காக ஒரே வேகத்தில் விரட்டியதில்தான் வால்வு காய்ந்தது.

ஹெட்டைக் கழற்றி வைத்திருந்த மெக்கானிக்கைக் கேட்டேன்: "பாட்டில்ல விக்கிற ஈய மாற்று மருந்தை ஊத்தினா போதாதா, பாய்?"

"ஊத்தலாம் ஸார். ஒவ்வொரு தடவை டாங்க் ரொப்பறப்பவும் மறக்காம ஊத்தணும். ஆனா தேஞ்ச சீட்டை அது திருப்பித் தராது."

அந்த மருந்துகளில் இருப்பது பொட்டாசியம், சோடியம், மாங்கனீஸ், பாஸ்பரஸ் என்று ஏதாவது ஒன்றன் கூட்டு. ஈயத்தின் திரை வேலையை அவை ஒருவாறு செய்யும். ஒன்றோடொன்றைக் கலக்கக் கூடாது. பிரிட்டனில் பழைய மோட்டார் சங்கங்களின் கூட்டமைப்பு 1990-களின் கடைசியில் இவற்றைப் பரீட்சை செய்து, சிலவற்றை மட்டுமே தேற வைத்தது. என் அபிப்பிராயம், கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் வெளியே வரும் வண்டிக்குப் பாட்டில் போதும். பெங்களூர் போகிற வண்டிக்குப் போதாது.

மெக்கானிக், லேத்தில் நான்கு சீட்டையும் கடைந்தெடுத்து, கடினமான எஃகு வளையங்களை அடித்து இறக்கினார். பிறகு வால்வு கிரைண்டிங். மூன்று நாள் வேலை. ஈயப் பெட்ரோலைக் கடைசியாகக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, 2021-ல். அதற்கு வெகு முன்னாலேயே ஆம்பூர் அம்பாஸடருக்கு அது தேவைப்படாமல் போய்விட்டது.

பெரியவர் மட்டும் மருந்துப் பாட்டில் ஒன்றை டிக்கியில் பத்திரமாக வைத்திருக்கிறார். எடுத்துப் பார்த்தேன். மூடியே திறக்கவில்லை.