இந்தியத் தற்காப்பும் மகேசச்சந்திரரும்

சதுரங்கம் பாரத நாட்டிலே பிறந்து, பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவைச் சென்றடைந்தது. அங்கே உருமாறிய அவ்வாட்டம் ஆங்கிலேயருடன் மீண்டும் இந்தியாவிற்கு வந்தபோது, அதனைத் தன் நாட்டு முறையில் எதிர்கொண்ட ஒருவர் உண்டு. அவரே வங்காளத்து அந்தணரான மகேசச்சந்திர பானர்ஜி.

ஸ்கொத்லாந்தில் பிறந்த ஜோன் கொக்கிரேன் கல்கத்தாவில் வழக்கறிஞராக விளங்கியவர். அக்காலத்துச் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவர். கல்கத்தாவிலே தமக்கு ஈடுகொடுப்பாரைக் காணாதிருந்த அவருக்கு, நகர்ப்புறத்தே ஓர் ஊரில் வாழ்ந்த மகேசச்சந்திரரின் திறமை தெரியவந்தது. 1848ஆம் ஆண்டளவில் தொடங்கிப் பல்லாண்டுகள் இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்களை ஆடினர். கொக்கிரேனின் குறிப்புகள் வழியாகவே அவை இன்று அறியப்படுகின்றன.

மகேசச்சந்திரரின் தொடக்க நகர்வுகள் ஐரோப்பியருக்குப் புதுமையாகத் தோன்றின. எதிரி நடுக்கட்டங்களிற் காலாளை நிறுத்தினால் தாமும் உடனே அங்குக் காலாளை நிறுத்துவதே அக்கால ஐரோப்பிய மரபு. அவரோ நடுக்களத்தை எதிரிக்கு விட்டுக்கொடுத்தார். அரசன் பக்கத்துக் காலாளை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி, அதன் பின்னே மந்திரியை வைத்து, மூலைவாட்டாக நடுக்களத்தைத் தாக்கினார்.

இப்புதுமையின் வேர் பழமையிலே கிடந்தது. இந்திய நாட்டுச் சதுரங்கத்திற் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். அம்முறையிற் பயின்றவருக்கு மெல்ல அணிவகுத்துப் பின்னர்த் தாக்குவதே இயல்பாகும். புதிய விதிகளை ஏற்றபோதும் அப்பயிற்சி அவரைவிட்டு நீங்கவில்லை. ஆகவே, மரபை மீறியவராக ஐரோப்பியருக்குத் தோன்றிய அவர், உண்மையில் வேறொரு மரபைப் பேணியவராவர்.

1855ஆம் ஆண்டு மே மாதம் நடந்த ஓர் ஆட்டத்தில், அவர் இரண்டாம் நகர்வில் அரசன் பக்கத்துக் குதிரைக் காலாளை ஒரு கட்டம் முன்வைத்து, மூன்றாம் நகர்வில் அரசியின் காலாளால் நடுக்களத்தைத் தாக்கினார். அவ்வாட்டத்தில் வென்றவர் கொக்கிரேனே. எனினும் அத்தொடக்கம் தோற்கவில்லை. 1922ஆம் ஆண்டில் ஒஸ்திரிய வீரர் ஏர்ண்ஸ்ற் குறூன்பெல்ட் அதனையே கையாண்டு, வியன்னாவில் அலேகினை வென்றார். இன்று அத்தற்காப்பு அவர் பெயராலேயே வழங்குகின்றது.

1920களில் நிம்சோவிச், ரேற்றி முதலியோர், நடுக்களத்தைக் காலாட்களால் நிரப்பாது தொலைவிலிருந்தே அடக்கியாளலாம் என்னும் கொள்கையை நூல்களில் நிறுவினர். அப்போதுதான் வங்காளத்து ஆட்டமுறையின் ஆழம் உலகுக்குத் தெளிவாயிற்று. 'இந்தியத் தற்காப்பு' என்னும் பெயரும் அக்காலத்திலேயே நிலைபெற்றது. அப்பெயர் மகேசச்சந்திரர் முதலியோரின் ஆட்டங்களிலிருந்து எழுந்ததென்பர் வரலாற்றாசிரியர்.

பஞ்சாபிற் பிறந்த மீர் சுல்தான்கான் வரலாறும் இத்தகையதே. நாட்டு முறையிற் பயின்ற அவர், தொடக்க நூல்களைக் கல்லாதிருந்தும், 1929, 1932, 1933ஆம் ஆண்டுகளிற் பிரித்தானிய வாகையராயினார். அவருக்குக் கௌரவ மாவீரர் பட்டம் 2024ஆம் ஆண்டிலேதான் வழங்கப்பட்டது.

ஆடுகளத்தில் நிகழ்ந்த ஒன்றை அறிவுத்துறை ஏற்பதற்கு, அதனை எழுதிவைப்பாரும் விளக்குவாரும் வேண்டும். மகேசச்சந்திரருக்கு எழுதிவைப்பவராக அவருடைய எதிரியே வாய்த்தார். விளக்குவார் தோன்ற ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன. நாட்டின் பெயர் தற்காப்பிலே நிலைத்தது. ஆடியவர் பெயரை நிலைநிறுத்துவது வரலாறு கற்போர் கடனாகும்.