ஆடிக் கூழ் (கோலார் தங்கவயல்)

ஆடி மாதத்தில் (சூலை நடு - ஆகத்து நடு) மாரியம்மனுக்குக் கேழ்வரகுக் கூழ் படைத்து ஊருக்கு வார்க்கும் சடங்கு. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் தமிழர் குடியிருப்புகளில் நடைபெறுகிறது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குள்ள தங்கச் சுரங்கத்தை ஏற்றபின், வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் இவ்வழக்கத்தையும் கொண்டுவந்தனர். கோலார் வட்டாரமும் கேழ்வரகு விளையும் மண்ணே.

செய்முறை: கேழ்வரகு மாவை முதல்நாள் கரைத்துப் புளிக்க வைப்பர். மறுநாள் நொய்யை வேகவிட்டு, மாவை ஊற்றிக் கட்டி விழாமல் துடுப்பால் கிண்டுவர். நனைத்த விரலில் ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. ஆறியதும் உப்பும் மோரும் சேர்த்துக் கரைத்து, நறுக்கிய சின்ன வெங்காயம் தூவி, வேப்பிலை கட்டிய பானையில் அம்மன் முன் வைப்பர். முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் துணை.

பொருள்: இதே பருவத்தில், ஆகத்து 1-இல் இங்கிலாந்தில் வரும் லம்மாசு, புதுக் கோதுமை ரொட்டியைப் படைக்கும் அறுவடை விழா. ஆனால் தமிழரின் ஆடி மாதம் விதைப்புக் காலம்; அறுவடைக்குரியது பொங்கல். எனவே கூழ் வார்த்தல், மழையும் நோயின்மையும் வேண்டி, இருப்பில் உள்ள தானியத்தைப் பகிரும் சடங்காகும். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் இது தொடர்கிறது.